கௌரி எனக்கு வைத்த பெயர்

எண்பத்தைந்தாம் ஆண்டு, புகையிலை வெட்டு முடிந்த காலம். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்குள் சரக்கு ஏற்ற வந்த லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சாரதி கோர்னை அமத்திப் பிடித்தபடியே வந்தான். கோழிகள் சிதறி ஓடின. படலையடியில் மண் அளைந்துகொண்டிருந்த என் மகள் கௌரி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு சாரதியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். குசினி வாசலில் நின்ற என் மனைவி புவனேஸ் அவனை ஏசவில்லை. "அவளுக்குக் கேக்கேல்லையப்பா," என்றாள். விளையாட்டுக் கவனம் என்று சொன்னேன். ஒரு கிழமையாகவே அவள் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

அதற்கு ஆறு கிழமை முன்பு கௌரிக்கு மூளைக்காய்ச்சல் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தொற்றி உண்டாகும் வீக்கம்) வந்து பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பிள்ளை பிழைக்காது என்று நினைத்த நாட்களும் உண்டு. பிழைத்து வீட்டுக்கு வந்தவள் குடித்தவனைப்போலத் தள்ளாடி நடந்தாள். உடம்பில் பலமில்லை என்று முட்டையும் பாலும் கொடுத்தோம். உட்காதில்தான் உடம்பைச் சமநிலையில் வைக்கும் உறுப்பும் இருக்கிறது, அதுவும் கெட்டிருந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காய்ச்சலுக்கு முன் பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவை ஒவ்வொன்றாகப் போயின. 'அப்பா' ஆடி மாதமளவில் போனது.

பிள்ளைக்குக் காது கேட்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் படித்தவன் அல்ல, புகையிலைத் தரகன். என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நான் செய்த பிழைகள் விளங்காது.

தரகன் முதலில் சொல்லப்படும் விலையை நம்பமாட்டான். அது பேச்சைத் தொடங்குவதற்கான விலை. எழும்பிப் போவதுபோலப் பாவனை செய்தால் இறங்கி வரும். எங்கள் வட்டாரத்தில் விலையை வாயால் சொல்வதும் குறைவு. வாங்குபவரும் நானும் சால்வைக்குக் கீழே கை கோர்த்து விரலைப் பிடித்துப் பேசுவோம். எத்தனை விரல், எந்தக் கணு, அழுத்தமா தடவலா என்பதிலேயே முழு வியாபாரமும் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை மட்டும் மழை பெய்யுமா என்று யோசிப்பதுபோல வைத்திருக்க வேண்டும்.

காது வைத்திய நிபுணர் ஒரு பெண். கௌரியைச் சோதித்துவிட்டு எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: "ரெண்டு காதிலையும் நரம்புச் செவிடு. சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோற நரம்பு கெட்டுப்போச்சு. திரும்பி வராது. கெதியாக் கருவி போட்டுப் படிப்பிக்கத் தொடங்கவேணும்."

அதை நான் முதல் விலையாக எடுத்துக்கொண்டேன்.

எழும்பி வந்தேன். இன்னொரு டொக்டரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருக்கும் என்றேன். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் ஒருவர் எண்ணெய் தந்தார். அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். கொழும்புக்கு ரெயிலில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே செவிப்புலன் வரைபடம் (எந்தச் சத்தம் எவ்வளவு உரமாக இருந்தால் கேட்கும் என்று கோடு கீறிக் காட்டும் தாள்) எடுத்துத் தந்தார்கள். கோடு தாளின் அடியில் கிடந்தது. ஒருவரும் விலையை இறக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு மறுபடி அதே பெண் டொக்டரின் அறை வாசலில் தாளும் கையுமாக நின்றேன்.

"இவ்வளவு காலமும் எங்கை போனனீங்கள்?"

"சும்மா... வேறை இடங்களிலையும் காட்டினனாங்கள், டொக்டர்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்கேல்லை ஐயா. அவ வளந்துகொண்டு வந்திட்டா. மூளை மொழி பிடிக்கிற வயசு இதுதான்," என்றார்.

கருவி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர், உள்ளே பென்ரோச் பற்றறி. புவனேஸ் எல்லாச் சட்டையிலும் நெஞ்சில் ஒரு பை வைத்துத் தைத்தாள். கோவில் மேளம் கௌரிக்குக் கேட்டது, நாய் குரைப்பதும் கேட்டது. பேச்சு மட்டும் உடைந்து உடைந்துதான் விழுந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். "வகுப்பிலை இருத்தி வைக்கலாம், படிப்பிக்க ஏலாது," என்று உண்மையைச் சொன்னார். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று குடாநாட்டின் மற்றப் பக்கத்தில் இருந்தது. போய்ப் பார்த்தோம். இடம் தருவதாகவும் சொன்னார்கள். எண்பத்தேழின் கடைசியில் சண்டை தொடங்கி றோட்டெல்லாம் காவலரணும் சென்றியுமாகிவிட்டது. நாலு வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே ஷெல் சத்தத்தை எண்ணிக்கொண்டு இருக்க எங்களால் முடியவில்லை.

அதனால் வீடுதான் பள்ளிக்கூடம், புவனேஸ்தான் ஆசிரியை. உடுவிலில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். காலையில் உலை இறக்கியதும் ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை பாடம். கண்ணாடிக்கு முன் இருவரும் இருப்பார்கள். பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவாள். 'ப' சொல்லும்போது மூச்சு வெளியே வருகிறதா என்று பார்க்க உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடிப்பாள். கிளினிக்கில் றோணியோ மெசினில் படியெடுத்துத் தந்த மூன்று பக்கத் தாள்தான் எங்களுக்கு வேதம். அதில் ஒரு வரி: சைகையை ஊக்குவிக்க வேண்டாம்.

அந்த வரியை நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கல்யாண வீட்டில் கௌரி தண்ணீர் வேண்டும் என்று கையைக் குவித்து வாயில் வைத்துக் காட்டினாள். புவனேஸின் அண்ணை, என் மைத்துனர், சபையில் இருந்தபடி, "உது ஊமையளின்ரை பழக்கம். பழக விட்டியளெண்டால் பிறகு ஆர் கட்டுவான்?" என்றார். எனக்கு முகம் எரிந்தது. மறுநாள் பாடம் நடக்கும்போது மர அடிமட்டத்தோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் கையைத் தூக்கிய நேரமெல்லாம் விரல் மொழியில், கணு எலும்பின் மேல், அடித்தேன்.

பூசி மெழுக விரும்பவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வருடம் அடித்தேன். பிள்ளையின் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அவள் என் முன்னால் கை காட்டுவதை நிறுத்தினாள். முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டேன். என் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

ஏழு வயதில் அவளிடம் முப்பது முப்பத்தைந்து சொற்கள் இருந்தன. தாயைத் தவிர வேறு யாருக்கும் அவை விளங்கா. 'அப்பா' சொல்ல வைத்தோம். கடதாசித் துண்டு நன்றாக ஆடும். அவள் கடதாசியைப் பார்த்துச் சொன்னாள். ஒரு தடவைகூட என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது. குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட சாமான்களில் பற்றறியும் ஒன்று. இருந்த பற்றறிகளை வெயிலில் காய வைத்தோம், ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி எல்லோரும் றேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. றேடியோ திருத்துபவர் ஒருவரைப் பிடித்து அதே முறையில் கௌரியின் கருவியையும் இயக்கிப் பார்த்தேன். நான் வேர்க்க வேர்க்க மிதியைச் சுற்றினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு வயரைப் பிடுங்கி எறிந்தாள். டைனமோவின் உறுமல் மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது. அன்றோடு பெட்டி அலுமாரிக்குள் போனது. பாடமும் நின்றது. பிள்ளை ஒரு மூலையில் குந்தியிருந்து எறும்பு பார்க்கத் தொடங்கினாள்.

அந்த ஆவணியில்தான் குருநகரிலிருந்து பிலோமினா குடும்பம் வந்தது. கரையில் குண்டு விழுந்து சனம் எல்லாம் வெளிக்கிட்டிருந்தது. எங்கள் வளவில் புகையிலை உணக்கும் குடில் வெறுமையாகக் கிடந்ததால் அதில் இருக்கச் சொன்னோம். பிலோமினா கடலில் புருஷனை இழந்தவள். கூட வந்தது அவளுடைய தங்கை ரீற்றா. முப்பது வயது, வலை பொத்துவதில் கெட்டிக்காரி, பிறவியிலேயே காது கேட்காதவள்.

அக்காவும் தங்கையும் நாள் முழுக்கக் கையால் பேசினார்கள். சிரித்தார்கள், சண்டை பிடித்தார்கள், என்னைப் பற்றியும் ஏதோ பேசினார்கள் என்று நினைக்கிறேன். கடலில் இயந்திரச் சத்தத்திலும் காற்றிலும் குரல் எடுபடாது. வள்ளத்துக்கு வள்ளம் கையால்தான் சொல்லுவார்கள். அந்தச் சைகைகளோடு வீட்டில் உண்டாக்கியவையும் சேர்ந்து ரீற்றாவுக்கு ஒரு முழுப் பேச்சு இருந்தது.

கௌரி குடில் வாசலில் போய் நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் உள்ளே போய் இருந்தாள். மூன்றாம் கிழமை நான் சுன்னாகம் சந்தையிலிருந்து வந்து படலையைத் திறந்தபோது, அவள் இரண்டு கையும் பறக்க ரீற்றாவுக்கு எதையோ விபரித்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு ஒருவரிடம் சொல்ல இவ்வளவு இருந்ததா என்று திகைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"என்ரை பிள்ளையை ஊமையாக்கப் பாக்கிறியளோ?" என்று பிலோமினாவிடம் சத்தம் போட்டேன்.

அவள் அடுப்படியிலிருந்து எழும்பி வந்தாள். இருக்க இடம் தந்தவன் என்ற பணிவு குரலில் இருந்தது, பேச்சில் இருக்கவில்லை. "அண்ணை, கோவிக்காதையுங்கோ. முந்தநாள் சுருட்டுக்காரர் வந்து நிண்டவர். சால்வையைப் போட்டு மூடிக்கொண்டு ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள்?"

"அது வியாபாரம்."

"ஒரு சொல்லுக் கதைக்காமல் லொறிக் கணக்கிலை சரக்கு வித்திட்டியள். உங்களை ஆரும் ஊமையெண்டு சொன்னவையே?"

இருபது வருடம் விரலால் பேசிச் சோறு தின்றவன் நான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அதுவும் பிள்ளையையும் அலைத்துக்கொண்டு.

வீட்டுக்குள் வந்து புவனேஸிடம், "இதைப் பாத்தும் நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்கள் வெளிக்கிட்டால் நானும் பிள்ளையும் கையாலைதான் கதைக்கிறனாங்கள்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் முதல் அடிச்ச நாள் தொடக்கம்."

அவ்வளவுதான் சொன்னாள். அதைவிடக் கூடச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதமே குடில் பள்ளிக்கூடமாகிவிட்டது. புவனேஸ் சிலேற்றில் ஒரு சொல் எழுதுவாள். ரீற்றா அதற்குரிய சைகையைக் காட்டுவாள். கௌரி எழுத்தையும் கையையும் சேர்த்துப் பிடிப்பாள். ஒரு வருடத்தில் வாசிக்கத் தொடங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாத ரீற்றாவும் பக்கத்திலிருந்து சேர்ந்து படித்தாள். விமானம் வந்தால் இவர்களுக்குக் கேட்காது என்பதால் ஒவ்வொரு நாளும் பெரியவர்களில் ஒருவர் 'காது' என்று முறை வைத்தோம். காதாக இருப்பவர் வேறு வேலை செய்யக்கூடாது. சத்தம் கேட்டதும் தோளில் தட்டிப் பங்கருக்குள் இறக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தனியாகப் படிப்பிக்க வெளிக்கிடாதீர்கள். தாய் ஒருத்தியால் அது முடியாது, தாளில் எழுதியிருப்பதாலும் முடியாது. உங்கள் பிள்ளையைப்போலவே வளர்ந்து பெரியவரான ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் எந்தச் சாதி, எந்தக் கோவில் என்று பார்த்தீர்களானால் பிள்ளைதான் நட்டப்படும். என் மைத்துனர் வந்து, "குடிலிலை இருக்க விட்டது சரி, கரையாக்களை வீட்டுக்கு வாத்தியாராக்கிறதோ?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்ச வேறை வாத்தியார் இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை, மாத்திறன்," என்றேன். பிறகு அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. கிணற்றுக்கு இதனால் குறை ஒன்றும் வரவில்லை.

கதை பரவி, வேறு பெற்றோரும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். தொண்ணூற்று மூன்றில் நாலு பிள்ளைகள். சுன்னாகத்திலிருந்து ஒரு தாய் நாலு வயது மகளைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிவருவாள். கடைக்குட்டி அவள்தான். கௌரிதான் அவளுக்குச் சொல் சொல்லிக் கொடுத்தாள்.

நானும் படித்தேன். முரட்டு விரல், சோம்பல் மூளை. ஒருவருடைய பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டுவதில்லை, ஆளுக்கு ஒரு சைகை என்று அப்போதுதான் அறிந்தேன். புவனேஸுக்குப் பொட்டு வைப்பதுபோல நெற்றியில் ஒரு விரல். ரீற்றாவுக்கு வலை முடிச்சு. பிலோமினாவுக்கு முக்காட்டை இழுப்பது. எனக்கு என்ன என்று ஒரு நாள் குடிலில் எல்லோரும் இருக்கும்போது கேட்டேன். சால்வையாக இருக்கும் என்று நினைத்து ஒரு சிரிப்பும் வைத்திருந்தேன்.

புவனேஸ் சிலேற்றைப் பார்த்தாள். பிலோமினா எழும்பி வெளியே போனாள். கௌரிக்கு ஒளிக்கத் தெரியாது. இடது கையை நீட்டி, வலது கையின் ஓரத்தால் விரல் மொழியில் ஒரு வெட்டு வெட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லாத முகம். பெயரைக் கேட்டார், சொன்னேன் என்பதுபோல இருந்தாள்.

அன்றைக்குத் தோட்டத்துக்குப் போய் வரம்பில் இருந்து அழுதேன். மூன்று நாள் கழித்துப் பிலோமினாவிடம் அந்தப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "பேர் வைச்ச ஆள்தான் மாத்தலாம் அண்ணை. அவ அதை அடியெண்டு நினைச்சுச் சொல்லேல்லை. அது உங்கடை பேர், அவ்வளவுதான்," என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பத்து வருடத்தில் என் உடம்பும் மாறிவிட்டது. ஒருவரைப் பின்னாலிருந்து கூப்பிட எனக்கு இப்போது வராது. அறைக்குள் போகுமுன் நிலத்தைக் காலால் தட்டுகிறேன். யாருடன் பேசினாலும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புகிறேன். வியாபாரிகள் சிரிக்கிறார்கள். நேரத்தை அளக்கும் விதமும் மாறிவிட்டது. நான் அலைந்து தொலைத்த பதினான்கு மாதம் வளர்ந்தவனுக்கு ஒரு புகையிலைப் போகமும் கொஞ்சமும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு என்று நான் இன்னும் அளந்து முடிக்கவில்லை. கௌரிக்குப் பன்னிரண்டு வயதாகிறது. தாளும் பென்சிலும் கிடைத்தால் எல்லாவற்றையும் எழுதுகிறாள். என்னிடம் வந்து கையால் நியாயம் பேசுகிறாள். என் பெயரை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. பிலோமினாவும் ரீற்றாவும் வன்னிப் பக்கம் போனார்கள். நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது குடும்பத்தோடு இருந்தோம். ஒரு காலை, கஞ்சிக்கு நின்ற வரிசையில் சுன்னாகத்துக் கடைக்குட்டி கௌரியைக் கண்டு பாய்ந்து வந்தாள். அவளோடு ஒரு மனிதர். எங்கள் குடிலுக்குத் தாய்தான் வந்து போனவள், தகப்பனை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன். வெங்காய யாவாரி. மகளின் கையைப் பிடித்திருந்த விதத்திலேயே, பிள்ளைக்கு ஒரு நாளும் கை ஓங்காத மனிதர் என்று தெரிந்தது.

சின்னவள் அவரைக் காட்டிக் காட்டிக் கௌரியிடம் பெருமையாகச் சொன்னாள். இடது கை நீண்டது. வலது கை விரல் மொழியில் விழுந்தது.

"வீட்டிலையும் என்னைக் கண்டால் இப்பிடித்தான் காட்டுவா அண்ணை. உங்கடை இடத்திலை பழகினது எண்டு மனுசி சொன்னவ. எனக்கு விளங்கேல்லை. உது என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்டார்.

கௌரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

"அப்பா எண்டு அர்த்தம்," என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, மகளுக்கு முன்னால் குந்தியிருந்து, தன்னைத் தொட்டுக் காட்டி, தன் விரல் மொழியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "இப்பிடியோ அண்ணை? சரியோ?"

"ஓம், சரி," என்றேன். "கொஞ்சம் மெதுவா."